காக்காவுக்கு ஒரு கைப்பிடி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வேண்டாத பொருளை வைத்துக் கைவேலை செய்யச் சொல்லித் தரும் அரைப்பக்கம் வருகிறதல்லவா, அதை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவன் நான். எங்கள் வீட்டில் அதைக் கத்தரித்து ஃபைல் போட்டு வேறு வைத்திருக்கிறோம். பாட்டிலுக்குச் சணல் சுற்றியது, சிரட்டைக்குப் பெயின்ட் அடித்து மெழுகுவத்தி நிறுத்தியது, பழைய சிடியில் மயில், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் என்று எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு குறைதான். இத்தனை வாரத்தில் ஒன்றுகூட அசையவில்லை.

செய்து முடித்ததும் ஷோகேஸில் வைக்கிறோம். ஒரு மாதத்தில் தூசி படிகிறது, ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது குப்பைக்குப் போகிறது. அதே சிரட்டை, அதே பத்திரிகை அட்டை, கூட ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, அதன் நுனியில் வளைத்துவிட்ட ஒரு கைப்பிடி, இவ்வளவு சேர்த்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அதைச் சுற்றிக்கொண்டே நிற்பார். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அவர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், அப்படியெல்லாம் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. கடிதம் நீளமாகப் போகும் போலிருக்கிறது, வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பிட்டராக, அதாவது நூல் நூற்கும் மெஷினைப் பழுது பார்த்து ஓட்டுகிறவனாக, 31 வருஷம் இருந்தேன். மில் மூடிவிட்டது, அது பழைய கதை, அதைப் பேச ஆரம்பித்தால் காக்கா கதைக்கு வர முடியாது. ரிங் பிரேமில் ஹார்ட் கேம் என்று ஒன்று உண்டு, நெஞ்சாங்குலை வடிவத்தில் இருக்கும் இரும்புத் துண்டு. அது பாட்டுக்கு மெதுவாகச் சுற்றும். அதன் விளிம்பில் உருளும் சின்னச் சக்கரம் மேலும் கீழும் போக, அதோடு சேர்ந்து மெஷினின் முழு நீளத்துக்கும் இருக்கும் ரிங் ரயில் என்ற சட்டம் மெதுவாக ஏறிச் சீக்கிரம் இறங்கும், பாபினில் நூல் வரிசையாகப் படியும். சுற்றுவதை ஏறி இறங்குவதாக மாற்றுவது என்றால் இவ்வளவுதான். 31 வருஷம் அதற்கு எண்ணெய் விட்டும் கிரீஸ் வைத்தும் ஓட்டியிருக்கிறேன், ஆனால் அதை வைத்து ஒரு பொம்மை செய்யலாம் என்று 65 வயசு வரைக்கும் தோன்றவேயில்லை பாருங்கள்.

தோன்ற வைத்தது என் மகள் வயிற்றுப் பேத்தி. "அப்புச்சி, இந்தக் காக்காய்க்குப் பறக்கத் தெரியாதா?" என்று கேட்டாள். உங்கள் பக்கத்தைப் பார்த்து அவள் செய்த அட்டைக் காக்காதான் அது. ஃபெவிக்கால் போட்டு ஒட்டினதற்கு எங்கே பறக்கத் தெரியும். சரி அம்மிணி, பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொண்டோம், அது தெரியாத ஆள் கிடையாது, விளக்கம் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அடியில் ஒரு பெட்டி. ஆப்பிள் பெட்டிப் பலகையை அறுத்து ஆணி அடித்தது, முன்பக்கம் திறந்தே இருக்கும். உள்ளே நடப்பது தெரியாவிட்டால் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை என்பது என் கட்சி, சிலர் மூடி வைத்து மாயம் காட்டுவார்கள், அது அவர்கள் இஷ்டம். இரண்டு பக்கப் பலகையிலும் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் காலி ரீஃபில் குழாய்த் துண்டைச் செருகி, அதற்குள் ஸ்போக்ஸ் கம்பியை நுழைத்தால் அச்சு ரெடி. கம்பி லூசாகச் சுற்ற வேண்டும், இறுக்கினால் வேறு குழாய் தேடுங்கள். ஒரு நுனியை இரண்டு இடத்தில் மடக்கினால் அதுதான் கைப்பிடி.

அச்சோடு சேர்ந்து சுற்றி மேலே நிற்கும் கம்பியைத் தூக்கி இறக்கும் துண்டுதான் கேம். அதை வெட்டத் தேய்ந்த ரப்பர் செருப்பைவிட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. பிளேடில் வெண்ணெய் மாதிரி வெட்ட வரும், கோணி ஊசியில் குத்திக் கம்பியில் ஏற்றினால் அதுவே பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம், தப்பாகிவிட்டால் திருகி நகர்த்திக்கொள்ளலாம். ரப்பர் என்பதால் விளிம்பு வழுக்காது, மேலே நிற்கும் கம்பியைக் கூடவே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அதற்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை ஒரு விரற்கடை அகலத்துக்கு நறுக்கி விளிம்பைச் சுற்றி ஒட்டிவிட வேண்டும். என் மனைவியின் முழங்கால் எக்ஸ்ரே இப்போது காக்காவின் வயிற்றுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கிறது. டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குக் கவலை.

காக்காவின் கேம் நத்தை ஓடு மாதிரி. மையத்திலிருந்து விளிம்பு ஒரு இடத்தில் 1.5 செ.மீ., அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய் ஒரு முழுச் சுற்றில் 4 செ.மீ., அப்புறம் திடீரென்று படிக்கட்டு மாதிரி பழைய 1.5க்கே இறங்கிவிடும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அதன்மேல் நிற்கும் குடைக் கம்பி 2.5 செ.மீ. மெதுவாக எழும்பும், படிக்கட்டு வந்ததும் தொப்பென்று விழும். கம்பியின் தலையில் காக்கா. அந்தக் குடையின் கறுப்புத் துணியையே கீறிக் கீறி இறக்கையாக ஒட்டியது.

பாட்டிக்கு வட்டமான கேம், ஆனால் ஓட்டை நடுவில் இல்லை, 1 செ.மீ. தள்ளி. 1 செ.மீ. தள்ளினால் 2 செ.மீ. ஏறி இறங்கும். அந்த 2 செ.மீ.யை முழங்கைக்குப் பக்கத்தில் கொடுக்காமல் தோள்பட்டைக்குக் கிட்டத்தில் கொடுத்தால் கரண்டி நுனி 6 செ.மீ. வீசும். கரண்டி என்பது ஐஸ்கிரீம் கப்போடு வரும் மரத்துண்டு. பாட்டிக்குத் தலை செய்ய என்னென்னவோ பார்த்துக் கடைசியில் தென்னை மரத்தடியில் விழுந்து கிடந்த குரும்பையில் வந்து நின்றோம். பச்சையாக இருக்கும்போதே கண்ணும் வாயும் கீறி வைத்தாள் பேத்தி. ஒரு மாதத்தில் அது காய்ந்து சுருங்கிக் கன்னம் ஒட்டி, எங்கள் கை படாமலே அசல் கிழவி ஆகிவிட்டது. ஃபியூஸ் கம்பியில் மூக்குக்கண்ணாடி போட்டோம். தேங்காய் நாரில் கொண்டை, கிழிந்த கண்டாங்கிச் சேலைத் துண்டில் உடுப்பு, சிரட்டையில் வடைச்சட்டி.

வடைதான் கதையின் உயிர். சோடா மூடியைச் சுத்தியலால் தட்டையாக்கி, நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு, மரத்தூளை ஃபெவிக்காலில் குழைத்து அப்பிக் காயவிட்டால் மெதுவடை என்றே நம்பிவிடலாம். இரும்பு மூடி என்பதால் காந்தத்துக்கு வரும். காக்காவின் அலகில் பழைய இயர்போனைப் பிரித்து எடுத்த காந்தம். ஆக, காக்கா தொப்பென்று விழுகிறது, வடையைக் கவ்வுகிறது, மெதுவாக மேலே தூக்குகிறது. வடைக்கு அடியில் சட்டியோடு சேர்த்து 1.5 செ.மீ. நீளத்துக்கு ஒரு நூல் கட்டியிருக்கிறோம். நூல் இறுகியதும் காந்தம் விட்டுவிடும், வடை சட்டியிலேயே விழும், காக்கா வெறும் வாயோடு மிச்ச 1 செ.மீ. மேலே போகும். பாட்டியின் கரண்டி அதற்கப்புறம்தான் வந்து இறங்கும். அடி விழவே விழாது, ஆனால் வடையும் போகாது. பார்க்கிறவர்கள் அந்த நூலைக் கவனிக்கும்போதுதான் சிரிக்கிறார்கள்.

இதில் நான் யோசித்துச் செய்யாத ஒன்றும் நடந்தது. குடைக் கம்பியின் அடியில் ஒரு சட்டைப் பொத்தானைப் பாதம் மாதிரி ஒட்டியிருந்தேன். கேம் பொத்தானுக்கு நேர் கீழே நடுவில் இல்லாமல் கால் அங்குலம் ஓரமாக அமைந்துவிட்டது. சுற்றினால் காக்கா ஏறுவதோடு நிற்காமல் உடம்பையும் திருப்புகிறது! ஓரத்தில் உரசுவதால் பொத்தானும் சேர்ந்து சுழல்கிறது, காரணம் அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறதுக்கு, வடையைத் திருடின கையோடு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு சுற்றுக்கு அப்புறம் காக்கா முழுசாகத் திரும்பிக்கொண்டு பாட்டிக்கு முதுகைக் காட்டிக் காற்றைக் கொத்தியது. திருப்பத்துக்கு ஒரு எல்லை வைக்க வேண்டும். குண்டூசி ஒன்றை முட்டுக் கொடுத்து, ஒரு மெல்லிய ரப்பர் பேண்டையும் கட்டினேன். ஏறும்போது உரசல் ரப்பரை இழுத்துக்கொண்டு திரும்பும். படிக்கட்டில் விழும் அந்தக் கண நேரத்தில் உரசல் பிடி விட்டுப்போகும், ரப்பர் முகத்தை வடைப் பக்கம் கொண்டுவந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு 11 நாள் ஆனது. மில்லில் இந்த மாதிரி 11 நாள் ஒரு மெஷினை நிறுத்தி வைத்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கெட்டுப்போனதையும் சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. நத்தைக் கேம் ஒரு பக்கம்தான் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கம்பி படிக்கட்டில் முட்டி நிற்கும், பலத்தைப் போட்டால் ஏதாவது ஒடியும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவில் பார்க் அமைத்திருந்தார்கள், அதில் வைக்கக் காக்காவை இரவல் கேட்டார்கள், பெருமையாகக் கொடுத்தேன். 'இந்தப் பக்கம் சுற்றவும்' என்று அம்புக்குறி போட்டு எழுதியும் ஒட்டியிருந்தேன். ஐந்தாம் நாளே காக்கா ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். சுண்டலோடு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் அம்புக்குறியைப் படித்துவிட்டா சுற்றும்? தப்பு என்னுடையது. அப்புறம்தான் அச்சில் இன்னொரு சோடா மூடியைத் தட்டாமல் அப்படியே ஏற்றினேன். சோடா மூடிக்கு 21 பல் உண்டு, எந்த மூடியை வேண்டுமானாலும் எண்ணிப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சாய்வாகப் பல்லில் உட்கார வைத்தால் ஒரு பக்கம் சுற்றும்போது டிக் டிக்கென்று வழுக்கிவிடும், எதிர்ப்பக்கம் முட்டி நிறுத்தும். பல் இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, அதனால் பெரிய பலத்துக்குத் தாங்காது, பிள்ளைகள் கைக்குத் தாங்கும்.

இன்னொன்று, எண்ணெய். கைக்குக் கிடைத்தது என்று தேங்காயெண்ணெய் விட்டேன். மார்கழி பிறந்ததும் ஒரு விடியக்காலையில் காக்கா பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது, வெயில் ஏறினதும் தானாகச் சரியாயிற்று. எண்ணெய் உறைந்துபோயிருக்கிறது! பிட்டராக இருந்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே வெட்கம். இப்போது எண்ணெயே இல்லை. அட்டையும் மரமும் உரசுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுவேன், கம்பி ஓடும் குழாய்க்குப் பென்சில் கரித்தூள். ஃபெவிக்காலும் அப்படித்தான், ஒரு சொட்டு அச்சுக்குள் இறங்கிவிட்டால் காலையில் பார்க்கும்போது எல்லாம் ஒரே உடம்பாகியிருக்கும். மழைக்காலத்தில் அட்டை ஊறி உப்பிக்கொள்ளும், ஓட்டையைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள்.

"இதுக்கு ஒரு மோட்டார் வெச்சிரலாமே மாமா" என்று வருகிற மாப்பிள்ளைகள் எல்லாம் சொல்கிறார்கள். வேண்டாம். மோட்டார் வைத்தால் இரண்டு நிமிஷம் பார்ப்பார்கள், அப்புறம் அது ஃபேன் மாதிரி. கையால் சுற்றினால்தான் எந்த இடத்தில் இறுக்கம், எங்கே லேசாகிறது, எப்போது விழப்போகிறது என்று விரலுக்குத் தெரியும். விழப்போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் சுற்றுவதை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. கோனியம்மன் தேர்க்கடையில் சின்ன வயசில் வாங்கின வண்டி ஒன்று, கயிற்றைக் கட்டி இழுத்தால் டம டமவென்று கொட்டிக்கொண்டே வரும். ஒரு மண் கிண்ணத்தில் காகிதத்தை இழுத்து ஒட்டியிருப்பார்கள், முறுக்கின நூலில் இரண்டு குச்சி, வண்டி அச்சில் இரண்டு முனை. முனை குச்சியின் வாலை அமுக்கும்போது தலை தூக்கும், விடும்போது நூலின் முறுக்கு அதைக் காகிதத்தில் அறையும். நத்தைக் கேம் செய்கிற வேலையேதான், விலை சில்லறைக் காசு. நுங்கு தின்றுவிட்டுக் கோந்தையில் வண்டி செய்யாத கிராமத்துப் பிள்ளை உண்டா? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டியக்காரி நாலு துண்டு, கால், பாவாடை, உடம்பு, தலை, ஒவ்வொன்றும் அடுத்ததன் கம்பி முனையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஒட்டவேயில்லை. ஃபேன் காற்றுக்கே இடுப்பும் தலையும் தனித்தனியாக ஆடுகிறதென்றால் அதனால்தான். கூடவே விற்கும் ராஜா ராணி பொம்மைக்கு அடியில் கனம், உருண்டையான அடிப்பாகம், தள்ளினால் எழுந்துகொள்ளும். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், உள்ளே நடக்கிற கணக்கு வேறு வேறு.

திம்பம் மலை ஏறி இறங்கி மைசூரைத் தாண்டினால் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்பு சுல்தான் அரண்மனையில் இருந்த மரப்புலி 1799இல் கோட்டை விழுந்தபோது வெள்ளைக்காரன் எடுத்துப்போய் இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஒருவனைக் கீழே தள்ளிப் புலி கழுத்தைக் கவ்வியிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அவன் கை மேலே தூக்கித் தூக்கி விழும், உள்ளே துருத்தி காற்றை ஊத அவன் தொண்டைக் குழலிலிருந்து அலறல், புலியிடமிருந்து உறுமல். போதாதென்று புலியின் விலாவுக்குள் 18 சுரத்துக்கு ஒரு ஆர்மோனியம் மாதிரி கட்டை வேறு. மனசில் இருந்த கோபத்துக்கு ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார் மனுஷன்! சிரிப்பு வருகிற மாதிரியும் பயமாகவும் ஒரே சமயத்தில் இருக்கிறது. யூடியூபில் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் பேத்தி இரண்டு நாள் தனியாகக் கொல்லைக்குப் போகவில்லை.

அமெரிக்காவில் கால்டர் என்று ஒரு சிற்பி, அலெக்சாண்டர் கால்டர். படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங், 1919இல் முடித்தார். பாரிஸில் இருந்தபோது 1926லிருந்து 1931 வரை கம்பி, கார்க், துணி, கட்டை இதையெல்லாம் வைத்து ஒரு சர்க்கஸே செய்தார். தரையில் உட்கார்ந்து தானே ஒவ்வொரு கோமாளியையும் சிங்கத்தையும் கையால் ஆட்டி வேடிக்கை காட்டுவார். பெரிய ஆள் தரையில் உட்கார்ந்து பொம்மையை ஆட்டுகிறான் என்று யாரும் அவரைச் சிரிக்கவில்லை, அந்தச் சர்க்கஸ் இன்றைக்கு நியூயார்க்கில் விட்னி மியூசியத்தின் சொத்து. கூரையில் தொங்கவிட்டுக் காற்றில் ஆடும் மொபைல் பேர் வாங்கியதும் இவரால்தான். 1955இல் அகமதாபாத்துக்கு வந்து சாராபாய் வீட்டில் தங்கிச் சிற்பங்கள் செய்துகொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாராபாய் என்றால் மில் முதலாளிக் குடும்பம், காலிகோ மில். எங்கள் மில் முதலாளி வீட்டுக்கும் இப்படி ஒருத்தர் வந்திருந்தால் நாங்கள் 20 வருஷம் முன்னாடியே காக்கா செய்திருப்போமோ என்னவோ.

இங்கிலாந்தில் ஃபால்மவுத் என்ற கடலோர ஊரில் சூ ஜாக்சன் என்ற அம்மா 1979இல் ஒரு கைவினைக் கடை வைத்தார். அதில் விற்கிற பொருளைவிடக் கைப்பிடி சுற்றும் மரப்பொம்மைகளைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள், கடைசியில் கடையே கேபரே மெக்கானிக்கல் தியேட்டர் என்று ஆகிப்போனது. அங்கே பால் ஸ்பூனர் என்பவர் எகிப்து நாட்டு நரித்தலைச் சாமியை வைத்து என்னென்னவோ வேடிக்கை செய்திருக்கிறார். எல்லாம் மரம், கம்பி, கேம். தன் முதுகெலும்பை மறைக்காமல் காட்டும் பொம்மைகள். என் பெட்டிக்கு முன்பக்கம் இல்லாததற்கு அவரும் ஒரு காரணம்.

நம் நாட்டில் அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐஐடியில் படித்தவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து உருவங்கள் கட்டுவதில் தொடங்கி, குப்பையிலிருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகளைச் சொல்லித்தந்திருக்கிறார், 2018இல் பத்மஸ்ரீ. அவருடைய செய்முறைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் பக்கத்தைத் தயாரிக்கிறவர் அதை ஒரு ராத்திரி பார்த்தாலே ஒரு வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது.

இப்போது நான் உங்களுக்கு எழுத உடனடிக் காரணம் வேறு. பேத்தி ஆறாவது படிக்கிறாள். பள்ளியில் கண்காட்சி, அசையும் மாதிரி ஒன்று செய்து வரச் சொன்னார்கள், அவள் இந்தக் காக்காவைப் பார்த்துத் தானே ஒன்று செய்தாள். ஒரு தவளை, கிணற்று மேட்டில் உட்கார்ந்து நாக்கை நீட்டும், நாக்கு ஒரு சிவப்பு ரிப்பன். கேம் அவளே வெட்டினது. முதல் கேம் முட்டை மாதிரி இருந்ததால் தவளை ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் நாக்கை நீட்டியது, அதை ஏன் என்று அவளே கண்டுபிடித்து அப்படியே விட்டாள், இரண்டு ஈ பிடிக்கட்டும் என்று. பள்ளிக்குப் போனால், வரிசையாக எரிமலை, காற்றாலை, நீர்வீழ்ச்சி, எல்லாம் ஒரே தெர்மாகோல், ஒரே பச்சைப் புல்தாள், ஒரே எல்இடி. ஸ்டேஷனரிக் கடையில் புராஜெக்ட் என்று கேட்டால் 350 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறார்கள், பிள்ளையின் பெயர் எழுத இடம்கூட விட்டிருக்கிறார்கள். அவை முன் மேஜையில். செருப்பு ரப்பர் வெளியே தெரிகிறது, ஃபினிஷிங் இல்லை என்று இவள் தவளை பின்வரிசையில், ஜன்னல் ஓரமாக.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன், 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தம்மா என்ன செய்வார், ஆபீஸர் வருகிற நாளில் மேஜை பளிச்சென்று இருக்க வேண்டும். 350 ரூபாய் கொடுத்த அப்பா அம்மாவுக்கும் ராத்திரி 9 மணிக்கு வேலை விட்டு வந்து செருப்பு வெட்டத் தெம்பு இருக்காது. ஆனால் மதியத்துக்கு மேல் ஆபீஸர் போன பிறகு நான் போய்ப் பார்த்தபோது முன் மேஜையில் யாரும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் பெரிய வகுப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கு அஞ்சு சுற்று என்று ஒருத்தன் எண்ணிக்கொண்டிருக்கிறான். ரிப்பன் கிழிந்துவிட்டது, அதற்கு ஒருத்தன் தன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டியிருந்தான்.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் அரைப்பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு வாரமாவது அதில் ஏதாவது ஒன்று நகரட்டும். செய்முறைப் படத்தில் பூ ஒட்டுவது எங்கே என்று காட்டுகிற அதே அளவுக்கு ஓட்டை எங்கே, எவ்வளவு தள்ளி என்று காட்டுங்கள். முடிந்த படத்தை மட்டும் போடாமல் சிக்கிக்கொண்ட படத்தையும் போடுங்கள். பிளேடு, சூடு காட்டின கம்பி, காந்தம், இதெல்லாம் இருக்கிறதால் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எழுதிவிடுங்கள், குட்டிக் காந்தத்தைச் சின்னக் குழந்தை வாயில் போட்டால் ஆபத்து, அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பக்கத்தில் உட்காரத்தான் எங்களை மாதிரி ஆட்கள் ஊரெல்லாம் இருக்கிறோமே. லேத் ஓட்டினவர், தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர், வாட்ச் கடை வைத்திருந்தவர், கிரைண்டர் கம்பெனியில் இருந்தவர். கோவையில் ஒரு தெருவுக்கு நாலு பேர் தேறுவோம், எல்லாரும் சாயங்காலம் ஆனால் நடைப்பயிற்சி என்று மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம், இதை வெட்டாமல் போட்டால் புண்ணியமாகப் போகும். பேத்திக்கு இப்போது பாட்டி மேல் பரிதாபம் வந்துவிட்டது. எத்தனை தரம் சுற்றினாலும் காக்காவே தப்பிக்கிறது, பத்துக்கு ஒரு தரமாவது பாட்டி கரண்டியால் ஒன்று போட வேண்டும் என்கிறாள். பத்துக்கு ஒன்று என்பது கேமில் வராது, அதற்குக் கணக்குத் தெரிந்த சக்கரம் வேண்டும். பழைய டேப் ரெக்கார்டரில் ஓடின நீளத்தைக் காட்ட மூன்று இலக்கத்தில் ஒரு குட்டிக் கவுண்டர் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றாம் இடத்துச் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தால் பத்தாம் இடத்துச் சக்கரம் ஒரு எண் நகரும். ஒன்றாம் இடத்துச் சக்கரத்தில் என் கைப்பிடியை இணைத்து, பத்தாம் இடத்துச் சக்கரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டால், பத்து சுற்றுக்கு ஒரு தரம் அந்தக் குச்சி வந்து காக்காவை ஒரு நொடி தாமதப்படுத்தும், கரண்டிக்கு அது போதும். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மூன்று தரம் தேடிவிட்டேன், டேப் ரெக்கார்டர் கிடைக்கிறது, கவுண்டரோடு கிடைக்கவில்லை. உங்கள் வாசகர் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் கோவை அலுவலகத்தில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரிங் பிரேம் பிட்டர் (ஓய்வு),
சிங்காநல்லூர், கோவை.